இடது கையை விட்டுவிட்டுக் கியர் போடக் கேட்டவர்

சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும், அந்த இரண்டு தங்கைகளுக்கும்.

போன வாரம் வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டீர்கள். கிளட்ச்சைத் தொடாமலே கியர் மாற்றுகிற குயிக் ஷிஃப்டர் இப்போது கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. ஆசையாக வாங்கிப் போகிறவர்கள் கொஞ்ச நாளில் திரும்பி வந்து உதறுகிறது, இடிக்கிறது என்று சண்டை போடுகிறார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சொல்ல ஆரம்பித்தால் ஒரு மனிதரைப் பற்றியும் சொல்லவேண்டி வரும். அத்தனை பேர் நடுவில் சொல்லலாமா என்று எனக்கு யோசனையாக இருந்தது. அவர் இப்போது இந்தப் பக்கத்தில் இல்லை. பெயரை மாற்றி எழுதுகிறேன். யார் என்று தேடாதீர்கள்.

ஆரணியில் குயிக் ஷிஃப்டர் வைத்து ஓடிய முதல் வண்டி உங்கள் ஷோரூம் வண்டி இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் பட்டறை வைத்திருந்தபோது, என் கையால் பொருத்திய ஒரு நூறு சிசி வண்டி. அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சுலபத்தில் எதையும் நம்ப மாட்டேன். புது பிளக்கை டப்பாவிலிருந்து எடுத்தாலும் பொறி வருகிறதா என்று பார்க்காமல் மாட்டமாட்டேன். கஸ்டமர், சத்தம் இஞ்சினில் வருகிறது என்றால், முதலில் செயின் கவரைத் தட்டிப் பார்ப்பேன். வண்டி ஒருதரம்கூடக் கீழே விழவில்லை என்று ஒருவர் சொன்னால் ஃபுட்ரெஸ்ட் முனையைத் தடவிப் பார்ப்பேன். இந்தத் தொழிலில் சந்தேகம் நல்ல குணம். நீங்களும் விட்டுவிடாதீர்கள். ஆனால் சந்தேகம் வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த வருஷம் கல்யாண சீசனில் ஊரில் செயின் அறுப்பு ஆரம்பித்திருந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க வெளியூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். பெண்கள் நகை போட்டுக்கொண்டுதான் வருவார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெருவுக்கு ரோட்டின் இடது ஓரமாகப் பேசிக்கொண்டு நடக்கும்போது பின்னாலிருந்து ஒரு பைக் வரும். என் பட்டறைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு அம்மாவுக்கு அப்படிப் போனது. நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். கழுத்தில் கயிறு அறுத்த மாதிரி ரத்தக்கோடு. ஒரே ஆள்தான் வந்தான், ஓட்டிக்கொண்டே இடது கையால் இழுத்தான் என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மெக்கானிக் இல்லையா, என் புத்தி உடனே அங்கேதான் போனது. இடது கை கிளட்ச் கை. கிளட்ச்சை விட்டுவிட்டு இழுத்தவன் அப்புறம் எப்படிக் கியர் மாற்றித் தப்பித்தான்?

இந்தக் கேள்வி மண்டையில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் முரளி வந்தார்.

மெடிக்கல் ரெப். ஆரணியில் ரூம் எடுத்துத் தங்கி, செய்யார், வந்தவாசி, தெள்ளார் என்று தினம் ஒரு பக்கம் சுற்றி டாக்டர்களைப் பார்க்கிற வேலை. முப்பது வயது இருக்கும். முழுக்கை சட்டை, டை, கையில் கிளவுஸ். நம் ஊர் வெயிலில் கிளவுஸ் போட்டு வண்டி ஓட்டுகிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆயில் மாற்ற இரண்டு மூன்று தரம் வந்திருக்கிறார். அன்றைக்குக் கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்த மாதிரி இருந்தது. ரோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அண்ணே, கிளட்ச் புடிக்காம கியர் போடற மாதிரி எதனா பண்ண முடியுமா? இடது கைக்கு வேலை இருக்கக்கூடாது.”

என் முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது. எதற்கு என்று கேட்டேன். சும்மாதான், ட்ராஃபிக்கில் சிரமமாக இருக்கிறது என்றார். தெள்ளார் ரோட்டில் என்ன ட்ராஃபிக்? கியர் இல்லாத வண்டி வாங்கிக்கொள்ளலாமே என்றேன். கம்பெனி கடன் கொடுத்து வாங்கின வண்டி, மாற்ற முடியாது, மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள் என்றார். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே என்றேன். அவர் கிளவுஸை இழுத்துச் சரிசெய்துகொண்டார். போகும்போது, “யார்கிட்டயும் சொல்லிக்காதீங்கண்ணே” என்றார். நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். பாதிக்கு மேல் சேறு.

இரண்டு நாளில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அந்த இரண்டு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. முடியாது என்று சொல்லிவிடலாம், போலீஸில் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம், இல்லை கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு நமக்கெதற்கு என்று இருந்துவிடலாம். இப்படி மாறி மாறி ஓடியது. போலீஸில் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? கிளவுஸும் சேறும். அதை வைத்து ஒருவரைக் காட்டிக்கொடுத்தால், தப்பாகிப்போனால், நாளைக்கு எந்தக் கஸ்டமர் என்னிடம் வாய் திறப்பார்? முடியாது என்று சொன்னால் வேலூர் போவார். அங்கே யாராவது செய்து கொடுப்பார்கள். அப்புறம் வண்டி என் கண்ணுக்கே படாது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். சந்தேகப்படுகிற வண்டி நம் பட்டறையிலேயே இருக்கட்டும். சந்தேகப்படுகிற ஆளும் நம் கண்ணெதிரிலேயே இருக்கட்டும். முரளி வந்ததும் ஒரு நிபந்தனை போட்டேன். நான் பொருத்தித் தருகிறேன், ஆனால் இது பழகாமல் ஓட்டினால் கியர்பாக்ஸ் போய்விடும், பழகும் வரைக்கும் நான் பின்னால் உட்கார்ந்து வருவேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. என் சந்தேகம் இன்னும் கொஞ்சம் ஏறியது. ஆனால் சரி என்றார்.

பொருத்தியதை விவரமாக எழுதப்போவதில்லை. சின்ன வயதில் மெட்ராஸில் ரேஸ் வண்டிகள் பார்க்கிற ஒரு பட்டறையில் இருந்தபோது அந்த யோசனையைப் பார்த்திருக்கிறேன். கியர் லீவர் அசைய ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சுவிட்ச். கால் அழுத்தியதும் பிளக்குக்குப் போகிற கரண்ட் கண்ணிமைக்கிற நேரம் நின்று திரும்ப வரும். அந்த இடைவெளியில் பல்சக்கரத்தின் மேல் இருக்கிற பாரம் விடும், அடுத்த கியர் தானாக உள்ளே போய்விடும். அந்தக் கண்ணிமைப்பு நேரத்தை அளவாக வைப்பதற்கு எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. பக்கத்துத் தெருவில் டி.வி. ரிப்பேர் பார்க்கிற லோகுவிடம் போனேன். யாருக்கு, எதற்கு என்று சொல்லவில்லை. தீப்பெட்டி அளவில் ஒன்று செய்து கொடுத்தார்.

பழகுவதற்கு ஊருக்குள் இடம் இல்லை. காலை நேரத்தில் நெசவுத் தெருக்களில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டியிருப்பார்கள், ஓரமாக உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ஆற்றுப் பாலம் தாண்டிச் செய்யார் ரோட்டுக்குப் போய்விடுவோம். முரளி ஓட்டுவார், நான் பின்னால்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் வருகிறது, கவனித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வண்டி எங்கள் இரண்டு பேரையும் தூக்கித் தூக்கிப் போட்டது. காரணம் சுவிட்ச் இல்லை. கியர் மாற்றும்போது ஆக்ஸிலேட்டரை விடுகிற பழக்கம் அவர் கையில் ஊறிப்போயிருந்தது. சுவிட்ச்சும் இஞ்சினை அடக்குகிறது, இவரும் அடக்குகிறார், வண்டி முன்னால் குனிந்துவிட்டுப் பிறகு பாய்கிறது. “கைய அப்படியே வச்சுக்கினு இருங்க சார், நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க, அது பாத்துக்கும்” என்று முதுகில் தட்டித் தட்டிச் சொன்னேன். எதுவும் செய்யாமல் இருப்பதற்குத்தான் மனுஷனுக்கு நாள் பிடிக்கிறது.

அடுத்தது கால். சிலர் லீவர் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். சுவிட்ச்சுக்குப் பாதி அழுத்தம் தெரியும், கியருக்குத் தெரியாது. கரண்ட் நிற்கும், கியர் மாறாது, வண்டி விக்கும். முரளி பயந்து பயந்து தடவுகிற மாதிரி அழுத்துவார். போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே அழுத்தக்கூடாது. போடப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகுதான் கால் போகவேண்டும், ஒரே அழுத்து, உடனே எடுத்துவிட வேண்டும். மூன்றாவது, மெதுவாகப் போகும்போது இதை நம்பக்கூடாது. முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போட்டால் வண்டி உதறி நின்றே போகும். அங்கே கிளட்ச்தான். கியர் இறக்கும்போதும் கிளட்ச்தான். வேகம் எடுத்த பிறகு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு, அங்கேதான் இது வேலை செய்யும். பாதி வேலை குறைந்தால்கூடப் போதும் என்றார் முரளி. கைக்கு எதற்கு இத்தனை ஓய்வு என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

நாளாக ஆக அவர் நன்றாக ஓட்ட ஆரம்பித்தார். நன்றாக ஓட்ட ஓட்ட எனக்குப் பயம் அதிகமானது. ஒரு திருடனுக்கு நானே தொழில் கற்றுக்கொடுக்கிறேனா என்று இருக்கும். ரோட்டோரம் யாராவது பெண் நடந்து போனால் அவருடைய இடது தோளையே பார்த்துக்கொண்டு வருவேன். அது அசையாது. கைப்பிடி மேல் செத்த மாதிரி கிடக்கும். இதுவும் நடிப்போ என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் தெள்ளார் வரைக்கும் போய்விட்டு வரலாம் என்றார், டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது மத்தியானம். ரோட்டோர டீக்கடையில் நிறுத்தினோம். லீவரில் இருந்த சுவிட்ச் கொஞ்சம் லூஸாக ஆடியது. நான் ஸ்பேனரை எடுத்து உட்கார்ந்தேன். அவரும் எதிரில் குந்தி, கிரீஸ் பட்டுவிடும் என்று கிளவுஸைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, வலது கையால் வண்டிக்கு அடியில் நட்டைப் பிடித்துக்கொண்டார். விழாமல் இருக்க இடது கையை எதிலோ ஊன்றிக்கொண்டார். நான் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ கருகுகிற வாடை வந்தது. ஒயர் உருகுகிறதோ என்று சுவிட்ச்சை முகர்ந்து பார்த்தேன். அது இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

இடது கை சைலென்சர் வளைவின் மேல் இருந்தது. சுண்டுவிரல் பக்கம் முழுக்க இரும்பில் ஒட்டியிருந்தது. அவர் நட்டைப் பார்த்து, “டைட் ஆயிடுச்சாண்ணே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் கத்தவில்லை. யாரோ ஒருவருடைய கையைப் பார்க்கிற மாதிரி தன் கையைப் பார்த்தார்.

“எவ்ளோ நேரமா அங்க இருந்துச்சு?” என்று என்னைக் கேட்டார்.

இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. தன் கை எத்தனை நேரம் வெந்தது என்பதை அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற மனுஷன்.

தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அப்போதுதான் உள்ளங்கையைப் பார்த்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தன. நான் கேட்காமலே அவர் சொன்னார்.

“நீங்க நெனைக்கற வியாதிதாண்ணே. மாத்திரை முழுசா முடிச்சிட்டேன். இப்ப இல்ல, யாருக்கும் ஒட்டாது. ஆனா போன நரம்பு போனதுதான். கிளட்ச் புடிச்சுப் புடிச்சுப் புண்ணாவுது, எனக்குத் தெரியவே மாட்டேங்குது. கைக்கு வேலை குடுக்காதன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க.”

தினம் எத்தனையோ டாக்டர்கள் எதிரில் உட்காருகிறார், ஒருவருக்கும் தெரியாமல் இடது கையை எப்போதும் பேண்ட் பாக்கெட்டுக்குள்ளோ மருந்துப் பைக்கு அடியிலோ வைத்துக்கொள்கிறார். தெரிந்தால் வேலை போகும், ரூமைக் காலி செய்யச் சொல்வார்கள் என்றார். தொழுநோய் என்ற வார்த்தையை அவர் வாயால் ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

நான் அப்போதும் முழுசாக நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்லிவிடுகிற கதையை நான் கூடுதலாகவே சந்தேகப்படுவேன். ஆனால் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஆறியும் ஆறாமலும் விரல்களுக்குக் குறுக்கே ஒரு நேர்க்கோடு, அதன் முனையில் உருண்டையாக ஒரு தழும்பு. கிளட்ச் லீவரும் அதன் முனைக் குமிழும் அச்சு எடுத்த மாதிரி. அந்த அளவை நான் தினமும் கையில் பிடிக்கிறேன். வாய் பேசுவதை ஒதுக்கிவைத்தாலும் அந்த அச்சை ஒதுக்க முடியாது. அன்றைக்கு ஆரணி வரைக்கும் நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

இதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

சீசன் முடிகிற சமயத்தில் இன்னொரு செயின் போனது. இந்தத் தரம் அந்தப் பெண் கீழே விழுந்து மண்டையில் அடி, வேலூருக்குக் கொண்டு போனார்கள். ஊர் கொதித்துப்போயிற்று. வெளி மாவட்டத்திலிருந்து புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் டீக்கடை, பட்டறை எல்லாம் ஆள் விட்டு விசாரித்தார். நம் லோகு, டீக்கடையில், கையே இல்லாமல் கியர் மாற்றுகிற மெஷின் ஒன்று மெக்கானிக்குக்குச் செய்து கொடுத்தேன் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கெட்ட எண்ணம் கிடையாது. செய்த வேலையைச் சொல்லிக்கொள்ளும் ஆசை, அவ்வளவுதான். செய்யார் ரோட்டில் நாங்கள் பழகியதைப் பார்த்தவர்கள் ஆளையும் வண்டியையும் அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் என்னையும், முரளியையும், வண்டியையும் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். எதற்கு இடது கைக்கு ஓய்வு? ஏன் கியர் இல்லாத வண்டி வாங்கவில்லை? வெயிலில் ஏன் கிளவுஸ்? ஏன் யாருக்கும் தெரியாமல் செய்தீர்கள்? என் மனதில் ஓடிய கேள்விகளை அதே வரிசையில் கேட்கிறார். அவரை எப்படிக் குறை சொல்வது?

முரளி வாயே திறக்கவில்லை. இடது கை தொடைக்கு அடியில். நான் சொன்னால் அவர் தப்பிப்பார், ஆனால் எழுத்தர், கான்ஸ்டபிள்கள், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர், எல்லார் காதுக்கும் போய்விடும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். பொய் சொல்லலாம் என்றால், போலீஸ்காரரிடம் சொன்ன பொய் நிற்காது. வேறு வழி தெரியாமல், வண்டியையே பேச விடுவோம் என்று நினைத்தேன்.

“சார், பேசிகினு இருக்கறதவிட உங்க ஆள் யாராவது ஒருத்தர ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. மெதுவா ஒரு பொம்பள பக்கத்துல போயிட்டு அப்புறம் பறக்கற மாதிரி. கிளட்ச் தொடக்கூடாது” என்றேன்.

ஒரு கான்ஸ்டபிள் ஸ்டேஷன் வாசலில் ஓட்டினார். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போட்டதும் வண்டி உதறி நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. இதை வைத்துக்கொண்டு எவனாவது தப்பிக்க முடியுமா சார் என்றேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்சம்கூட அசரவில்லை. “இவருக்குப் பழக்கமில்ல, உதறுது. பழகினவனுக்கு? நீதான பின்னாடி உக்காந்து பழக்கி வுட்ருக்க?” என்றார்.

பழகினாலும் முதல் கியரில் அது உதறத்தான் செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆளைப் பழக்கியவன் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

“கடைசியா கேக்கறேன். எதுக்கு இது?”

எனக்குக் காரணம் தெரியும், கண்ணால் பார்த்தேன், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை என்றேன். அப்படியானால் நீயும் உட்கார் என்று பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தேன். வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை. வீட்டில் என்ன சொல்வது, கடையை யார் திறப்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முரளி என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தலாமா என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். கான்ஸ்டபிள்கள் வெளியே போனார்கள். எழுத்தர் மட்டும் இருந்தார். முரளி கிளவுஸைக் கழற்றி இடது கையை மேசை மேல் வைத்தார். சைலென்சர் பட்ட புண்ணில் இன்னும் கட்டு இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளவில்லை. அதை நான் கவனித்தேன். தோளில் மாட்டியிருந்த விசில் கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை முரளியின் இடது கையில் கொடுத்து, பலம் எவ்வளவோ அவ்வளவும் போட்டுப் பிடி என்றார். மறுமுனையைத் தன் இரண்டு விரலால் இழுத்தார். கயிறு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கிளட்ச் லீவரில் விரலை மாட்டிக் கையோடு இழுத்துவிடலாம், ஒரு கயிற்றை இறுக்கிப் பிடிக்க அந்த விரல்களால் முடியவில்லை. இன்னொரு தரம். அதே மாதிரி. முரளியின் நெற்றி நரம்பு புடைத்திருந்தது, அவர் ஏமாற்றவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, “இது ஒட்டுமா?” என்று மெல்லக் கேட்டார்.

“என்னையே கேளுங்க சார்” என்றார் முரளி. “ஒட்டாது. மாத்திரை முடிச்சிட்டேன்.”

சப்-இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. போலீஸ்காரர்கள் கேட்பதில்லை, எதிர்பார்க்கவும் கூடாது. எழுத்தரிடம் எதையும் எழுதவேண்டாம் என்றார், இங்கே பார்த்தது இங்கேயே இருக்கட்டும் என்றார். என்னைப் பார்த்து, “அந்த சுவிட்ச்ச வண்டியிலயே வச்சுக்கட்டும். வேற எவனுக்கும் போட்டுக் குடுத்தனா உள்ள வச்சிருவேன்” என்றார். நான் அதற்குப் பிறகு எவருக்கும் போட்டுக் கொடுக்கவில்லை.

செயின் அறுத்தவர்கள் பிறகு வேறு ஊரில் மாட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்தவன்தான் இழுப்பானாம். பயத்தில் பார்க்கிறவர்களுக்கு ஒருவன் மறைந்துபோய்விடுகிறான்.

பாக்கி இருந்தது லோகு. போலீஸ் ஏன் விட்டது, அந்த ரெப் யார், எதற்குக் கேட்டார் என்று தினம் பட்டறைக்கு வந்து பேஜார் பண்ணினார். சண்டை போட்டிருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பார். கெஞ்சியிருந்தால் ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்திருப்பார். நான் யோசித்து, “உன் டப்பா வேலை செய்யல லோகு, போலீஸ்காரர் ஓட்டிப் பாத்தாரு, நின்னு நின்னு போச்சு, அதான் வுட்டுட்டாங்க” என்றேன். கான்ஸ்டபிள் ஓட்டியதை வாசலில் நின்ற நாலு பேர் பார்த்திருந்தார்கள், அதனால் அவரால் மறுக்கவும் முடியவில்லை. அன்றோடு அந்தப் பேச்சை அவரே எங்கேயும் எடுக்கவில்லை. ஒருவரின் வாயை அடைக்க வேண்டும் என்றால் அவர் பேசாமல் இருப்பதற்கு அவருக்கே ஒரு காரணம் இருக்கவேண்டும்.

முரளி அதற்கப்புறம் இரண்டு மூன்று வருஷம் அதே வண்டியை ஓட்டினார். உள்ளங்கைப் புண் ஆறியது. நான் பார்த்தவர்களில் அவரைப் போல மென்மையாகக் கியர் மாற்றியவர்கள் குறைவு. உங்கள் கஸ்டமர்களுக்கு அந்த மென்மை ஆசைக்கு. அவருக்கு ஒவ்வொரு இடியும் ஒரு கேள்வியைக் கிளப்பும் என்ற பயம். அதனால் அவர் கற்றுக்கொண்டது வேறு மாதிரி.

ஒருநாள் மாலை அவர் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினார். பின்னாலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். முரளியின் கம்பெனி மேனேஜர், சென்னையிலிருந்து வந்து அன்றைக்கு முழுக்க முரளியோடு டாக்டர்களைப் பார்க்கச் சுற்றியிருக்கிறார். காற்றுப் பார்க்க நிறுத்தினார்கள். நான் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த மேனேஜர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கியர் லீவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

“எத்தனையோ பசங்க பின்னாடி உட்கார்ந்திருக்கேன். இவன் எப்ப கியர் மாத்தறான்னே தெரியலை. வண்டியில என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?” என்றார்.

முரளி ரோட்டைப் பார்த்தபடி நின்றார். டை மட்டும் காற்றில் ஆடியது.

“வண்டியில ஒண்ணுமில்ல சார்” என்றேன். “எல்லாம் அவர் கைப்பக்குவம்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு முரளியின் கிளவுஸைப் பார்த்தார். என்னைவிடச் சந்தேகப்படுகிற கண் அது. ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அடுத்த கடன் கொடுக்கும்போது கியர் இல்லாத வண்டியும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அவர் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“தெரிஞ்சிருக்குமாண்ணே?” என்று கேட்டார் முரளி.

“தெரியல சார்” என்றேன். இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவர் வண்டியைக் கிளப்பினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு காதைக் கொடுத்து நின்றேன். முதல் கியர் கேட்டது. இரண்டாவது கேட்டது. பாலம் பக்கம் திரும்பும் வரைக்கும் கூர்ந்து கேட்டேன். மூன்றிலிருந்து நான்குக்குப் போன இடம் என் காதுக்குப் பிடிபடவே இல்லை.